ஏலக்காய் இறங்கும் வழியில் ஒரு நாள்

மூணாறுக்குப் போகிறவர்களில் பலர் போடிநாயக்கனூரை வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. தேனியில் டிபன், பத்து மணிக்குள் மலைமேல், பிறகு தேயிலைச் சரிவில் நின்று படம் என்று திட்டம் போட்டு வருகிறவர்களுக்கு, நடுவில் வரும் போடி நெரிசலான ஒரு கடைவீதி. அந்தத் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போடிமெட்டு, தொண்டிமலை, பூப்பாறை, சின்னக்கானல், தேவிகுளம், திரும்பி வந்து குரங்கணி என்று இத்தனை மலையூர்களையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பகலைப் போடியில் தொடங்கிப் போடியிலேயே முடிக்க வேண்டும். மேலே விளைந்தது இறங்குவதும் கீழே இருப்பவர்கள் வேலைக்கு ஏறுவதும் இந்த ஊர் வழியாகத்தான். அதை விட்டுவிட்டு மலையை மட்டும் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள்.

நாங்கள் போனது ஐப்பசியில். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம். இருள் பிரியாத நேரத்திலேயே தெருமுனைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கையில் தூக்குச்சட்டியும் வயர்கூடையும். ஜீப் வந்து நின்றதும் மளமளவென்று ஏறினார்கள். பின்பலகைகளில் நெருக்கி உட்கார்ந்தது போக, கடைசியாக வந்தவர்களுக்கு மற்றவர்கள் மடிதான் இடம். இவர்கள் வேலை பார்க்கும் ஏலத்தோட்டங்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வாசல்கள் வழியாகவும் தினம் தினம் இப்படிப் போய்த் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

என்னோடு வந்தவர் அத்தை மகன். போடியில் ஏலக்காய் வியாபாரத்திலேயே தலை நரைத்தவர். நான் காரைக் கிளப்பச் சொன்னதும் தடுத்துவிட்டார். “இருங்க மாப்ளே, அந்த ஜீப்புக போகட்டும். நாம முன்னால போயி வளைவுல வண்டிய நிப்பாட்டி வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தா அவங்களுக்குத்தான் நேரம் போகும். தோட்டத்துல நேரத்துக்கு நிக்கலைன்னா கூலியில பிடிச்சிருவாங்க” என்றார். கடைசி ஜீப்பும் போன பிறகுதான் நகர்ந்தோம்.

ஊரைத் தாண்டினால் முந்தல். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, மற்றது போடிமெட்டுக்கு. கொச்சியையும் கடற்கரைத் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலை ஏறும் இடம் இது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் போய்விடுகிறோம். அடிவாரத்தில் கரடும் முட்காடும், இடையிடையே இலவ மரங்களும். போடிக்கு ஏலக்காய் போலவே இலவம்பஞ்சும் ஒரு பெரிய வியாபாரம் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. பாதி உயரம் வரை பாறைகளில் வெயில் காய்கிறது. வடக்கேயும் தெற்கேயும் மலை விரிய விரிய, புலியூத்து அருவி மழைக்காலத்தில் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. மேல்வளைவுகளில் எதிர்பாராத ஒரு திருப்பத்தில் முகத்தில் ஈரக்காற்று அடிக்கிறது, காதில் அடைப்பு விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கத்துச் சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் மேகத்தில் சரக்குத் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே மலையின் ஒரு முதுகில் ஏலமும் மறு முதுகில் முள்ளும்.

ஒரு வளைவில் இறங்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தோம். சூரியன் அப்போதுதான் மேலெழும்பியிருந்தது. கீழே போடி ஊர், கண்மாய்கள், தென்னந்தோப்புகள், மாந்தோப்புகள், அதற்கும் அப்பால் தேனி வரை சமவெளி. மூணாறின் பெரும்பாலான பார்வை முனைகளில் கிடைக்காத விரிவு இது. மூணாறில் மலையிலிருந்து மலையைப் பார்க்கிறோம். இங்கே மலையிலிருந்து மனிதர்கள் வாழும் நாட்டைப் பார்க்கிறோம். எனக்கு இதுதான் உயர்ந்த காட்சி.

போடிமெட்டு சின்னஞ்சிறு ஊர். இரு மாநிலச் சோதனைச் சாவடிகள், சில டீக்கடைகள், பனி. டீ குடித்துக்கொண்டே நின்றால் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து போவதைக் கேட்கலாம். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் பலன் தந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அந்த எல்லைக் கோடு இந்த டீக்கடைகளுக்குப் பக்கத்தில்தான் போகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிலம், இந்தப் பக்கம் அதில் உழைக்கும் கைகள். மாநிலம் பிரிந்தாலும் பிழைப்பு பிரியவில்லை.

தொண்டிமலையைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் ஏலக்காடு. அத்தானுக்குத் தெரிந்தவர் தோட்டத்தில் இறங்கினோம். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே சாயங்காலம் போல வெளிச்சம். பலா, வெள்ளகில் என்று உயர்ந்த நிழல் மரங்கள். அவற்றின் கீழே ஆளைவிட உயரமாக இஞ்சியின் இலை போன்ற இலைகளோடு ஏலச்செடிகள். ஏலக்காயைக் கடையில் மட்டும் பார்த்தவர்கள் அது கிளையில் தொங்கும் என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். குனிய வேண்டும். செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாகப் படர்கிறது. அதில் கத்தரிப்பூ நிறத்தில் கோடு போட்ட வெள்ளைப் பூ. பூவுக்குப் பக்கத்திலேயே பிஞ்சு, அதையடுத்து விளைந்த காய். தேனீ வந்தால்தான் பூ காயாகும். ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் விளைவதில்லை. ஆகவே முப்பது நாற்பது நாளுக்கு ஒரு சுற்று என்று வருடத்தில் பல மாதம் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்.

காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இடது கை சருகை விலக்குகிறது, வலது கை சரத்தைத் தூக்காமல் தடவிக்கொண்டே போகிறது. மூன்று காயை விட்டு நாலாவதைக் கிள்ளுகிறார், அடுத்த இரண்டை விடுகிறார். “எப்படிக்கா தெரியுது?” என்றேன். “மேல பச்சையா இருக்கணும், உள்ள அரிசி கறுத்திருக்கணும்ணே. பிஞ்சை எடுத்தா காயும்போது சுருங்கிப் போகும், பழத்தை எடுத்தா வெடிச்சிரும். கண்ணால பார்த்து எடுக்குறதுன்னா பொழுதுக்கும் ஒரு செடிதான். கைக்கே தெரியும்” என்றார். ஒரு காயைப் பிளந்து காட்டினார். பழுப்பேறிக் கறுத்த விதைகள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மணம் விரலில் வெகுநேரம் நின்றது. அவர் கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது. வேலை முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான். நாள் முடிவில் எடை போட்டு அளந்துகொள்வார்கள். அந்தப் பச்சைக் காய் நாலைந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். காய வைக்கும் கட்டடத்தை ஸ்டோர் என்கிறார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் பதமான சூட்டில் வைத்தால்தான் அந்தப் பச்சை நிறம் தங்கும். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

இந்த மலைகளில் இன்று மிகுதியாக இருப்பது ஞள்ளானி ரகம். அதைக் கண்டுபிடித்தது எந்த ஆராய்ச்சி நிலையமும் அல்ல. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். விளைச்சல் பல மடங்கு கூடியது. கூடவே உரமும் பூச்சிமருந்தும் கூடின. 2023 ஜனவரியில், ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருந்ததாகச் சொல்லிச் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சாப்பிடுகிறவர்களின் கவலை நியாயமானது. அந்த மருந்தைத் தெளிக்கிறவர்களையும், மறுநாள் அதே செடியின் அடியில் குந்தி உட்காருகிறவர்களையும் பற்றி அதே அளவு கவலையோடு யாராவது பேச வேண்டும்.

விலையும் ஒரு பெரும் சூதாட்டம். 2018 வெள்ளத்திலும் அடுத்த ஆண்டு வறட்சியிலும் செடிகள் போய், 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கி நட்டவர்கள் பிறகு விலை சரிந்தபோது கலங்கினார்கள். இத்தனைக்கும் உலகில் அதிகம் ஏலக்காய் விளைவிப்பது இந்தியா அல்ல, மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட செடி அங்கே காடாகிவிட்டது. வளைகுடா நாடுகளில் காபியில் போடும் ஏலக்காய்க்கு அந்தச் சரக்கும் போடிச் சரக்கும் போட்டி போடுகின்றன.

பூப்பாறையில் பன்னியாறு. சாலை ஒரு பக்கம் சாந்தன்பாறை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளிக்குப் பிரிய, நாங்கள் மூணாறுப் பக்கம் திரும்பினோம். ஏலம் முடிந்து தேயிலை தொடங்குகிறது. ஆனையிறங்கல் அணை நீரைச் சுற்றிப் பச்சைச் சரிவுகள். பெயருக்கேற்ப இன்றும் யானைகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும் இடம். இந்தப் பகுதியில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூன் 5 அன்று மறுபடியும் மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பினார்கள். யானை நடந்த தடத்தில் குடியிருப்பும் தோட்டமும் விடுதியும் வந்துவிட்டன. ஏழைகளுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றியவர்களும் யோசித்துச் செய்யவில்லை, யானை வேண்டும் என்று நகரத்திலிருந்து குரல் கொடுக்கிறவர்களும் அங்கே ஒரு ராத்திரி தங்கிப் பார்த்ததில்லை.

சின்னக்கானலைத் தாண்டி கேப் ரோடு. பாறையைக் குடைந்து போன பழைய பாதை இப்போது அகன்ற சாலை. போடிமெட்டிலிருந்து மூணாறு வரை 42 கிலோமீட்டரும் அகலமாகிவிட்டது. வண்டிகள் பறக்கின்றன. வெட்டிய பாறைமுகம் மழைக்கு மழை சரிவதையும் பார்க்கிறோம். தேவிகுளத்தில் மதியச் சாப்பாடு. கடைப் பலகை, பள்ளி, கோயில், பேச்சு எங்கும் தமிழ். 2021-இல் இந்தத் தொகுதியின் உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் போனசுக்காக மூணாறுச் சாலையை மறித்த தேயிலைத் தொழிலாளிப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அத்தனை பெரிய தேயிலைக் கம்பெனி அவர்களோடு பேச இறங்கி வந்தது. மூணாறு ஊருக்குள் நாங்கள் போகவில்லை. அது வாகன நெரிசலில் திணறும் ஊர். ஒரு நாளே கையில் இருக்கிறவர்கள் தேவிகுளத்தில் திரும்பிவிடுவதே நல்லது.

மறுபடி 17 வளைவுகளையும் இறங்கி, முந்தலில் குரங்கணிச் சாலையில் திரும்பினோம். கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகும் ஒடுங்கிய பாதை. குரங்கணியில் நின்று அண்ணாந்தால் மலை சுவராக நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு பக்கம் டாப் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் கொழுக்குமலை. 7,000 அடிக்கு மேல் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் பாதை. டாப் ஸ்டேஷன் என்ற பெயருக்குக் காரணம் இங்கே கீழே இருக்கிறது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலையுச்சி வரை 1908-இல் சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் இழுவைக் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடி, அங்கிருந்து துறைமுகம், கப்பல். 1924-இல் வந்த, மலையாள ஆண்டுக் கணக்கால் பெயர் பெற்ற ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ அந்த ரயில்பாதையைத் துடைத்துவிட்டது. இடையில் கம்பிவடம் நின்று மாறிய இடம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன். இப்போது அது ஒரு குக்கிராமம், பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. மூட்டையைத் தலையிலும் கழுதை முதுகிலும் ஏற்றி இந்த ஒற்றையடிப் பாதைகளில் இறக்கிய காலத்தையும், நிலமில்லாமலே மாண்டவர்களையும் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018-இல் திரைக்குக் கொண்டுவந்தது. இந்த மலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

அதே 2018, மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. கோடையில் காய்ந்து நின்ற புல். காற்று. இறந்தவர்கள் 23 பேர். முதலில் ஓடிப்போய், காயம்பட்டவர்களை ஏணையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. இப்போது வனத்துறையிடம் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை போகலாம். தீ பிடிக்கும் மாதங்களில் அனுமதி கிடையாது.

இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் சின்க்வே தெர்ரே என்று ஐந்து ஊர்கள் இருக்கின்றன. மலைச்சரிவைக் கல்லடுக்கிப் படிப்படியாக்கித் திராட்சை வளர்த்த உழவர்களின் ஊர்கள். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ரயிலில் ஏறி ஒரே நாளில் ஐந்தையும் பார்க்க உலகமே வருகிறது. அங்கே இரண்டு ஊர்களை இணைக்கும் கடலோர நடைபாதையில் 2012-இல் பாறை விழுந்து பயணிகள் காயப்பட்டதும் பாதையை மூடி, பன்னிரண்டு ஆண்டுகள் பாறையைக் கட்டிப் பலப்படுத்தி, 2024-இல் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துத் திறந்தார்கள். குரங்கணிப் பாதைகளையும் நாம் இப்படித்தான் நடத்த வேண்டும். தீத்தடுப்புக் கோடு, அடையாளப் பலகை, வழிகாட்டிகளுக்கு நிரந்தரக் கூலி எல்லாம் வேண்டும். பாதையோர ஊர்களான முதுவாக்குடியிலும் சென்ட்ரல் ஸ்டேஷனிலும் வாழ்கிறவர்களுக்கு அதுவே நடமாடும் வழி என்பதையும் மறக்கக் கூடாது.

போடிக்குத் திரும்பியபோது மணி ஐந்து. அத்தான் ஒரு கிட்டங்கிக்குக் கூட்டிப் போனார். வாசலிலேயே மணம். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் ஏலக்காயைப் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சல்லடையில் சலித்து வந்த ஒரே அளவுக் காய்தான். ஆனாலும் அதில் நாலைந்து தரம். வாய் பிளந்தது, வெளுத்தது, இலைப்பேன் தின்று தோல் சொரசொரத்தது, நெஞ்சு வற்றியது எல்லாம் ஒதுங்க வேண்டும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, மூன்று பட்டையும் எடுப்பாக, கரும்பச்சையாக இருப்பது தனிக் குவியல். அதற்கு ஒரு விலை, ஒதுக்கியதற்கு வேறு விலை. பாட்டி ஒருவர் தலை நிமிராமலே பொறுக்கிக்கொண்டிருந்தார். “கண்ணு வலிக்காதா பாட்டி?” என்றேன். “வலிக்கத்தான் செய்யும் தம்பி. மக காலையில ஜீப்புல மேல போயிருக்கா. அவ எடுத்த காயா இருக்குமோ என்னமோ, யாரு கண்டா” என்று சொல்லிவிட்டு அடுத்த கையை அள்ளினார்.

போடியிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. 2007-க்கு முன்பு வியாபாரிகள் வாயால் கேட்ட விலை இப்போது கணினித் திரையில் ஓடுகிறது. இந்தியாவின் எந்த ஊர்க் கடையில் நீங்கள் வாங்கும் பச்சை ஏலக்காய்க்கும் இந்த இரண்டு கூடங்களில் ஒன்று விலை வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி வருவது எளிது. 1928-இல் வந்த மதுரை–போடி ரயில்பாதை அகலப் பாதையாக்குவதற்காக 2010 கடைசியில் நின்றது. 2023 ஜூன் 15 முதல் மறுபடி போடி வரை ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. முதல் நாள் இரவு ஊருக்கு வந்து தங்குங்கள். விடியுமுன் எழுந்து ஜீப்புகள் போன பிறகு மலை ஏறுங்கள். பிளாஸ்டிக்கை மேலே விட்டுவிட்டு வராதீர்கள். ஏலக்காயைப் போடிக் கடைவீதியிலேயே வாங்குங்கள். தமிழ்நாடு, கேரள அரசுகளிடம் ஒரு வேண்டுகோள்: மலைச்சாலையில் ஆள் மிஞ்சிய ஜீப் கவிழ்ந்து தோட்டத்துப் பெண்கள் சாகும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. சுற்றுலாவுக்காக இத்தனை கோடி கொட்டிச் சாலையை அகலமாக்கியவர்கள், விடியற்காலையில் போடியிலிருந்து பூப்பாறைக்கும் மாலையில் அங்கிருந்து திரும்பவும் தொழிலாளர்களுக்கென்று பேருந்து விட வேண்டும்.